ஐந்து மில்லிமீட்டர்

எட்டடிப் பலகை என் மாடிப்படியில் திரும்பாது.
பந்தயக் கடைக்கு மேலே இரண்டாம் தளம்.
படி வளைகிற இடத்தில் சுவரில் இன்னும் இருக்கிறது
முன்பு குடியிருந்தவர்
சோபாவைத் திணித்த வடு.
என் முழுப்பலகை லோர்கனின் ஷெட்டில் நின்றது.
லோர்கன் போனபோது ஷெட்டும் போனது.
கடல் மட்டும் எட்டு கிலோமீட்டர் தள்ளி
இருந்த இடத்திலேயே இருந்தது.

அதனால் மூன்று துண்டாக வாங்கினேன்.
மூக்கு, கட்டிலுக்கு அடியில்.
வால், அலமாரியில், நர்ஸ் சீருடைகளுக்குப் பின்னால்.
நடுத்துண்டுக்கு மட்டும் இடம் அமையவில்லை.
ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே
கடன் கேட்க வந்தவன்போல
ஒடுங்கி நிற்கிறது.

முழுப்பலகைக்காரர்களைப் பேருந்தில்
டெக்லன் ஏற்றியதே இல்லை.
விதி விதிதான்.
துண்டுகளைப் பற்றி விதியில் ஒரு வரியும் கிடையாது.
"பைக்குள் என்ன, செல்லோவா?" என்பார்.
"ஓர் ஆள். மூன்றாக வெட்டியது" என்பேன்.
ஸ்லைகோவில் இதற்கெல்லாம் சிரிப்பார்கள்.

நவம்பரில் ஒரு வியாழன்.
இரவுப்பணி முடித்துத் தூங்காமல் போனேன்.
ஸ்ட்ராண்ட்ஹில்லில் காற்று கரையிலிருந்து கடலுக்கு.
ஒவ்வோர் அலையும்
இஸ்திரி போட்டு மடித்ததுபோல் வந்துகொண்டிருந்தது.
பீரங்கிக்குப் பக்கத்தில் துண்டுகளைப் பரப்பினேன்.
மூட்டுக்குள் மணல் ஊதினேன்.
நாக்கு காடிக்குள் ஏறியது,
பல் கிட்டியதுபோல் பலகை வாய் மூடியது.
இனி திருகாணி.
ஆலன் கீ
இன்னொரு கோட்டில்.

காசு விளிம்பால் பார்த்தேன்.
வீட்டுச் சாவியால்,
காபி வண்டிக்காரன் தந்த கரண்டியால்,
பல்லால். ஆமாம், பல்லாலும்.
அறுகோணக் குழிக்கு
என் அவசரம் வட்டமாக இருந்தது.

மலைப்பக்கமிருந்து சைக்கிளில் வந்தவள்
ஒற்றைக்காலை ஊன்றி வேடிக்கை பார்த்தாள்.
ப்ரோனா என்று பிறகு சொன்னாள்.
இருக்கைக்கடிப் பையிலிருந்து கொத்தாக விரித்தாள்:
நான்கு, ஐந்து, ஆறு.
"ஐந்து" என்றாள், அளந்துகூடப் பார்க்காமல்.
ஐந்துதான்.

ஏறி நின்றேன்.
ரப்பர் காலணிக்குள்ளும் தெரிந்தது
இடது பாதத்தின் கீழ் அந்தக் கோடு.
அது விரிசல் இல்லை என்று
கால் நம்ப நேரம் பிடித்தது.
மூன்றாவது அலையில் கால் மறந்தது.
நான்காவதில் நான்.
ஐந்தாவதை எண்ணவில்லை.

கரையேறும்போது சைக்கிள் இல்லை.
நன்றி சொல்லத்தான் தேடினேன்,
தேடும்போதுதான் உறைத்தது:
பூட்டிய ஐந்துதான்
திறக்கவும்.

டெக்லன் பலகையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"காலையில் செல்லோவாக இருந்ததே" என்றார்.
கதவு பெருமூச்சு விட்டு மூடியது.

எட்டடிப் பலகை, எட்டு கிலோமீட்டர்.
விலாவில் காற்றடித்தால்
என்னை நாக்னரே மலைக்குத் திருப்பும்.
லாரி கடந்தால் கடலுக்கு.
தலைமேல் வைத்தால் எதிரே சாலை இல்லை,
கக்கத்தில் வைத்தால் கை எட்டவில்லை.
ஒரு வேலி நெடுக
பசுக்கள் கூடவே நடந்து வந்தன,
துக்க வீட்டுக்குப் போகிற நிதானத்தோடு.
தூக்கம் ஒரு கண்ணில் மட்டும் வந்தது.

பந்தயக் கடை வாசலில்
புகைத்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.
"உன்மேல் எவ்வளவு கட்டலாம்?" என்றார் ஒருவர்.
பலகையை அவரிடம் பிடிக்கக் கொடுத்து மேலே ஓடினேன்.
கோட்டுப் பைக்குள்
ஹீட்டர் சூட்டில் இதமாகக் கிடந்தது ஆலன் கீ,
நாளெல்லாம் வீட்டில் தூங்கியது
அது ஒன்றுதான்.

இரண்டு திருப்பு.
மூட்டு வாய் திறக்க
உள்ளே தங்கியிருந்த ஒரு கை அள்ளு அட்லாண்டிக்
வாசற்படியில் வழிந்து
தோற்றுக் கசங்கிய சீட்டுகளை நனைத்தது.
யாரும் காலை நகர்த்தவில்லை.

நடுத்துண்டைத்தான் முதலில் தூக்கினேன்.
வளைவில் அது சுவரைத் தொடாமல் திரும்பியது.
மூக்குக்கு ஒருமுறை, வாலுக்கு ஒருமுறை
இறங்கி ஏறி, உடை மாற்றாமல் கட்டிலில் விழுந்தேன்.

ஆலன் கீயை எந்தக் கோட்டில் போட்டேன் என்று
இப்போது நினைவில்லை.