வடக்கு வாசல்

மாசியிலேயே பணம் கட்டினேன்,
வைகாசியில் வரப்போகும் விளையாட்டுக்கு.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கீழமாசி வீதி மொத்தக் கடையில்
பதினொரு நாள் மூட்டைக் கணக்கெழுதிய கூலி.
முந்திக் கட்டியவனுக்குத்
தங்கக் கவசம் போட்ட குதிரை கொசுறு.

கத்தரிக்காய் நிறுக்குமுன்னே
கறிவேப்பிலையை நீட்டுகிறவனை
எங்கள் சந்தையில் சந்தேகப்படுவார்கள்.
நான் படவில்லை. குதிரை அவ்வளவு அழகு.

எண்பது ஜிபி. இரண்டு ராத்திரி இறங்கியது,
நடுவில் வில்லாபுரத்துக்கே கரண்ட் போய்.
மூன்றாம் வாரம், நாலு கோட்டை தாண்டி
நகரத்தின் வடக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.
பூட்டு.
பூட்டின்மேல் விலை:
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
உள்ளே ராணி இருக்கிறாளாம்.

இந்த ஊரிலும் ஒரு வடக்குக் கோபுரம்
தலையில்லாமல் வெகுகாலம் நின்றது.
மொட்டைக் கோபுரம் என்று பேர் வைத்தோமே தவிர
மிச்சத்துக்கென்று யாரும்
தனியாக பில் நீட்டவில்லை.

ஐப்பசியில், தீபாவளித் தள்ளுபடியில்,
ராணி, வாசல், இன்னும் இரண்டு தீவு
எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்துக்கு
வாங்கினான் குபேந்திரன்.
"அவசரப்பட்டுட்டியேடா" என்றுகூடச் சொல்லவில்லை.
பருத்திப்பால் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு
ஆடத் தொடங்கினான்.

வெறும் பழுப்புக் குதிரையில் உள்ளே போனான்.
வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து,
ஈரத்துணி காயும் கொடி,
அதன் நிழலில் படுத்திருக்கும் நாய்.
"ராணி இன்னும் தள்ளி இருப்பா போல" என்றான்.

"கொஞ்சம் நில்லு" என்றேன்.
அந்த நாயைப் பார்க்க வேண்டியிருந்தது.