நாவற்பழ நிறம்

"இருபது நிமிஷம் கொதிக்க வெச்சேன் டாக்டர்."
அவர் கேட்கும் முன்பே சொன்னாள் சகாயமேரி.

லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்கு
ஒரே போர்வெல்.
டம்ளரில் பிடித்து உயர்த்தினால்
பின்னாலிருக்கும் காலண்டரில்
ராகுகாலம் படிக்கலாம், அத்தனை தெளிவு.
கார்மென்ட்ஸ் வேன் வருமுன்
பால்பவுடர் கலக்கி வைத்துவிட்டு ஓடுவாள்.

ஜெபினுக்கு மூன்று மாதம்.
உதட்டில் நீலம்.
பல்லே முளைக்கலை, நாவற்பழம் யார்றா குடுத்தா
என்று சிரித்தது நான்தான்.

ஊசியில் ஏறிய ரத்தம்
டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

நைட்ரேட் என்றார்.
கழிவுக்குழிகள், எங்களுடையதும்தான்,
பாறைவெடிப்பில் இறங்கி
குழாய்வழி திரும்புகின்றனவாம்.
கொதித்தால் கிருமி சாகும்.
இது சாகாது,
ஆவி போகப் போக அடர்த்திதான் கூடும்.

மேரி தன் கைகளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நீலத்தை இறக்க
நீல மருந்தையே ஏற்றினார்கள்.
நான்காம் நாள் அழுதான், நல்ல சத்தமாக.

கேன் தண்ணீரைத் தோளில் சுமந்து
படியேறுகிறேன்.
பக்கத்து வீட்டில் மூடி தடதடக்கிறது.
எட்டு மாத வயிற்றோடு எட்டிப்பார்த்து
பார்கவி சொல்கிறாள்:
"இப்பவே பழகிக்கிறேண்ணா.
பாதியா சுண்டுறவரைக்கும்
விடுறதில்லை."