யார் கிளறுகிறார்கள்

அக்டோபர் கடைசியில் த்ரெபோனில் குளங்களை வடிப்பார்கள்.
மூன்று நாள் மதகு திறந்தே கிடக்கும்.
நான்காம் நாள் சேற்றின் நடுவில் ஒரு கூடத்தளவு தண்ணீர்,
அதற்குள் ஊரின் கிறிஸ்துமஸ் முழுதும்
கெண்டைகளாய்த் துள்ளிக்கொண்டிருக்கும்.

வலையோடு வந்த பாசியை வாளியில் அள்ளிவந்து
ஆய்வுக்கூடப் படியில் வைத்தான் ஓல்ட்ரிஷ்.
கிலோவுக்கு நாற்பது கொருனா.
ரசீதில் அவன் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.
விவாகரத்துக்குப் பிறகு
எங்கள் பெயர்கள் சேர்ந்து நிற்கும் ஒரே காகிதம்.

"இந்தக் குப்பையை வச்சு என்னதான் பண்றீங்க?"
பதினோரு வருடமாகக் கேட்காதவன் கேட்டான்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது காரணமாக இருக்கலாம்.

நிட்டெல்லா.
ஒரு கணுவிலிருந்து மறு கணு வரை
என் சுண்டுவிரல் நீளம்; அவ்வளவும் ஒரே செல்.
கண்ணாடித் தகட்டில் கிடத்தி, விளக்கைத் தணித்து,
நாற்காலியை அவனுக்கு விட்டேன்.

சுவரோரம் பச்சை மணிகள் வரிசை வரிசையாய்,
இடம்பிடித்து உட்கார்ந்தவை, எழுந்திருக்காதவை.
அவற்றுக்கு உள்ளே ஓர் ஆறு.
ஒரு கரையோரம் ஏறுகிறது,
மூலை திரும்பி மறுகரையோரம் இறங்குகிறது.
நடுவே வெறும் கோடு ஒன்று.
அதை எந்தத் துகளும் தாண்டுவதில்லை.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு,
"யார் கிளறுறாங்க?"

கூழ் காய்ச்சுகிறவர்கள் கேட்கும் கேள்விதான்.
கரண்டி நின்றால் அடிபிடிக்கும் என்று தெரிந்தவர்கள்.

சொன்னேன்: நூல் நூலாகப் புரதம்,
அதன்மேல் கால்மாற்றி நடக்கும் வேறொரு புரதம்,
அது நடக்கும்போது கூடவே இழுபட்டுப் போகிறது எல்லாம்.
"சரி. அதை யார் கிளறுறாங்க?"

பதிலுக்கு மேசையைத் தட்டினேனா,
ஊசியால் செல்லைத் தொட்டேனா, நினைவில்லை.
ஆறு நின்றது.
சட்டென்று, முழுதாக,
வகுப்பில் யாரோ நுழைந்ததுபோல.
"கொன்னுட்டியா?"
"எண்ணு."
முப்பத்தேழில் ஒரு துகள் நகர்ந்தது.
நாற்பதில் இன்னொன்று.
ஐம்பதில் அவன் மூச்சு விட்டான்.

அவன் கட்டைவிரலில் விலாங்குக்கெளுத்தியோ எதுவோ கீறிய காயம்.
பிதுக்கிக்கொண்டு, "இதுலயும் இருக்கா?" என்றான்.
சிவப்பு வட்டுகள் சில்லறைபோல் கொட்டிக் கிடந்தன.
அவற்றின் இடையே நிறமற்ற ஒன்று,
தகட்டை என் உள்ளங்கையில் சூடாக்கிய பிறகு,
ஒரு பக்கம் உப்பி,
உப்பிய பக்கமே வழிந்து,
தன்னைத் தானே ஊற்றிக்கொண்டு போனது.
எலும்பில்லை, காலில்லை, முன்பின் இல்லை.
போகிற பக்கம் முன்.

"எங்க போகுது?"
"காயத்துக்கு."
"காயம் இங்க இருக்கே," என்று விரலைக் காட்டினான்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது தேடிக்கொண்டே இருந்தது
வேறொருவனின் மேசையில்,
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில்.

மழை விட்டது. வாளியை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான்.
போகிறபோது கதவை மெதுவாகச் சாத்தினான்;
முன்பெல்லாம் அப்படியில்லை.

விளக்கை அணைக்க மறந்துவிட்டேன்.
காலையில் மணிகள் வரிசையில்தான் இருந்தன.
சுவர் கெடவில்லை. பச்சை சற்றே மங்கல்.
உள்ளே மட்டும் எல்லாத் துகளும் ஒரு பக்கம் சேர்ந்து
வண்டி வராத நிறுத்தம்.
தட்டினேன். எண்ணினேன்.
ஐம்பது. நூறு. இருநூற்றுப் பத்து.

குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு: வேறுபாடு.
நீளம் அதே. நீரின் அளவு ஏறக்குறைய அதே.
உப்புகளை அளந்தால் அவையும் கிடைக்கும்.
நேற்று இருந்தது எல்லாம் இருக்கிறது என்று எழுதி,
அடித்து,
நேரத்தை மட்டும் எழுதினேன்.
அதுவும் தோராயமாக.

வாளிக்குள் முழங்கை வரை கைவிட்டு
அடுத்த கணுவைத் தேடினேன்.
தண்ணீர் எலும்பைப் பிடித்தது.
இன்னும் நான்கு கிலோ இருக்கிறது.