பாதை காலி

சிலேத்தார் ஓடுபாதைக்கு இரண்டு பெயர்.
வடக்கே ஓடினால் சுழியம் மூன்று,
திரும்பி வந்தால் இரண்டு ஒன்று.
தார் ஒன்றுதான்.
முதல் விமானத்துக்கு முன்னால்
மஞ்சள் வண்டியில் அதன்மேல் ஊர்ந்துபோவது என் வேலை.
கண்ணாடியை இறக்கி,
விளக்கைத் தாழ்த்தி,
எதுவும் கிடக்கவில்லை என்று
கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றுமில்லாததைத் தேடத்தான் சம்பளம்
என்று மகளிடம் சொன்னேன்.
"அப்போ ஏதாச்சும் கெடைச்சா?"
கிடைத்தால் படிவம் இருக்கிறது.

இந்த மாதம் கிடைத்தவை:
திருகாணி ஒன்று, கட்டைவிரல் நீளம்.
மைனாவின் இறகு, மைனா இல்லாமல்.
பிறகு நத்தைகள்.
மழை விட்ட இரவுகளில்
தாரின் மிச்சச் சூட்டுக்கு ஏறி வருகின்றன.
ஒருநாள் இருபத்தேழு எண்ணினேன்.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் புல்லில் விட்டேன்.
கோபுரத்திலிருந்து நோராய்னி,
"உன் கூட்டத்துக்கு இன்னும் புறப்பட அனுமதி தரவில்லை" என்றாள்.

இங்கே ரப்பர் நின்றது, அப்பால் சதுப்பு.
வெட்டினார்கள், நிரப்பினார்கள்.
கடலில் இறங்கும் விமானங்கள் வந்தன,
வயிறு நனைந்த வாத்துகள் மாதிரி.
கொடி இறங்கியது, வேறு கொடி ஏறியது,
அதுவும் இறங்கியது.
வந்து தங்கிய வெள்ளை அதிகாரிகளுக்கு
ஊர் நினைப்பு தாங்கவில்லை போல,
தெருவெல்லாம் லண்டன்.
இன்றும் பிக்காடில்லி தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன்.
பார்க் லேனில் வண்டியை நிறுத்திப்
பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டா தின்கிறேன்.
மழை மட்டும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்,
வடிகால் தோண்டிய மண்
சரிந்து பாதையோரம் வந்திருந்தது.
அதில் ஒரு பித்தளை வில்லை.
மேலே ஓட்டை, கயிறு போன இடம்.
1162.
பெயர் இல்லை.
சம்பள நாளில் நீட்டிக் காட்டுவதாக இருக்கும்
என்றார் மேஸ்திரி குணாளன்.
அவருக்கும் நிச்சயமில்லை.

படிவம் கேட்டது:
பொருள்? வில்லை.
அளவு? நாலு சென்டிமீட்டர்.
எந்த விமானத்தின் பாகம்?

பேனாவோடு நின்றேன்.
பறக்காத ஒருவரின் பாகம் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் போதாது.
"பொருந்தாது" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

பயணியர் கூடம் புதிது, பளபளப்பு.
சுபாங்கிலிருந்து வந்த விசிறி விமானம்
வருவதை நிறுத்திவிட்டது.
தள்ளுவண்டிகளுக்கு யாரும் சொல்லவில்லை,
ஒன்றுக்குள் ஒன்று மூக்கை நுழைத்து
வரிசையில் நிற்கின்றன.
பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிய திருமேனி
இப்போது தனி விமானங்களைப் பார்த்துக்கொள்கிறார்.
நேற்று மூன்று பயணிகள், ஒரு நாய்.
நாய்க்கு ஏழு பக்கச் சான்றிதழ்.
நாய் மட்டும் அவர் கையை நக்கியது,
நல்ல மாதிரி என்றார்.

வடமுனையில் ஒரு சாலை
ஓடுபாதையின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போகும்.
விமானம் தாழ்ந்தால் சிவப்பு.
விடியலில் ஒரு லாரி நிற்கிறது.
பின்தட்டில் பதினெட்டுப் பேர்,
விமானக் கொட்டகைக்குக் கூரை போடப் போகிறவர்கள்,
பாதிப்பேர் தூக்கத்தில்.
சக்கரங்கள் தலைக்குமேல் போகும்போது
ஒருவன் மட்டும் அண்ணாந்து
வாயைத் திறந்தபடி இருக்கிறான்.
கழுத்தில் அட்டை ஆடுகிறது.
அதில் எண் இருக்கும்,
இங்கிருந்து படிக்க முடியாது.

பச்சை விழுகிறது.
லாரி உறுமிப் போகிறது.
அவன் இன்னும் மேலேதான் பார்க்கிறான்,
விமானம் எப்போதோ இறங்கிவிட்டது.

"பாதை?" என்கிறாள் நோராய்னி.
காலி என்று சொல்ல வாயெடுத்தேன்.
வெள்ளைக் கோட்டின்மேல் ஏதோ நகர்ந்தது.

இரண்டு நிமிடம் கொடு, என்றேன்.
ஒருவர் கடந்துகொண்டிருக்கிறார்.