முப்பத்திரண்டாவது ஊசி

முப்பத்திரண்டு கொடுத்தேன்,
முப்பத்தொன்றுதான் திரும்பியிருக்கிறது என்றாள் ஹாலினா.
சொல்லிவிட்டுக்
கதவைத் தாழிட்டாள்.

கனோராவில் கர்லிங் அரங்கின் மாடி. செவ்வாய் இரவு.
வெளியே மைனஸ் முப்பத்தேழு.
கார்களின் வயிற்றைச் சூடாக்கும் மின்கம்பிகள்
பனிக்குள்ளிருந்து சுவருக்கு ஓடுகின்றன.
மேசைமேல் மடித்துக் கட்டிய பதினொரு ஒட்டுப்போர்வைகள்.
காலையில் லாரி வரும்.
லாரியிலிருந்து விமானம், விமானத்திலிருந்து காந்தஹார்.

கோதுமைக் கிடங்கில் இருபத்தாறு வருஷம்
வண்டி எடை பார்த்தவள் ஹாலினா.
எண்ணில் அவளோடு வாதாடி
ஜெயித்தவர் இந்த ஊரில் இல்லை.

முதலில் தரையைத் தேடினோம்,
முழங்காலிட்டு, காபிப் பாத்திரத்தின் அடியில்,
பியானோ மிதிகளின் இடுக்கில்.
டோர்வால்ட் (எங்களில் ஒரே ஆண்,
இஸ்திரிப் பெட்டி அவர் ராஜ்யம்)
பட்டறைக்குப் போய்
டிராக்டர் போல்ட் பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்தார்.
காந்தம் பிடித்தது:
குண்டூசி ஏழு, கொண்டை ஊசி ஒன்று,
யார் கல்யாணத்திலோ திறந்த பீர் மூடி.

"கட்டை அவிழுங்கள்" என்றாள் ஹாலினா.

மார்லிஸ்தான் கேட்டாள்.
யாராவது கேட்டிருப்போம், அவள் முந்திக்கொண்டாள்:
"அங்கே ரோட்டுக்கு அடியில் வெடி புதைக்கிறார்கள்.
இங்கே நாம் ஒரு ஊசிக்குத் தூக்கம் கெடுகிறோம்."

ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள்.
தொடங்கியதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இருமலாக்கிக்கொண்டாள்.
கீழே பனித்தளத்தில் யாரோ கல்லை விட்டார்கள்.
வழுக்கிப் போகும் நீண்ட ஓசை.
அது இன்னொரு கல்லில் போய் முட்டும்வரை
யாரும் பேசவில்லை.

ஹாலினா பதில் சொல்லவில்லை.
கைச்சட்டையைத் தோள்வரை சுருட்டினாள்,
ஒரு போர்வையைத் தரையில் விரித்தாள்,
அதன்மேல் குப்புறப் படுத்தாள்.
கன்னம், கழுத்து, முழங்கையின் உட்புறம்,
தோல் எங்கெங்கே மெல்லியதோ அங்கெல்லாம்
துணியை அழுத்தி அழுத்தி
அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள்.

பிறகு நாங்களும்.
டோர்வால்ட் பொத்தானை அவிழ்க்க வெட்கப்பட்டு
ஒரு விளக்கையாவது அணைக்கச் சொன்னார்.
நான் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.
எனக்கு வாய்த்தது நீலப் போர்வை.
ஓரமெல்லாம் ரெனாட்டாவின் பழைய திரைச்சீலை,
அவள் வீட்டு வெங்காய வாசனை இன்னும் போகவில்லை.
ஐந்தடிக்கு ஆறரை என்று அளந்து வெட்டியது நான்தான்.
அப்போது அது ஓர் அளவு.
படுத்தபோதுதான் தெரிந்தது
என் கால் முடிந்த பிறகும்
அது போய்க்கொண்டே இருந்தது என்று.

பன்னிரண்டே முக்காலுக்கு
மாட்டுச் சந்தை ஏலத்தில் கையுயர்த்துகிறவள்போல
எழுந்து உட்கார்ந்தாள் குவெண்டா.
முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு.
வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் இன்னொன்று.

தண்ணீர் வேண்டாம் என்று எல்லோரும் கத்தினோம்.
அவரவர் ரத்தம்
அவரவர் எச்சிலுக்குத்தான் போகும்.
குவெண்டா ஒரு முழ நூலை மென்றாள்,
தேய்த்தாள், மறுபடி மென்றாள், தேய்த்தாள்.
அவளுக்குப் படையில் யாரும் இல்லை.
வான்கோழி வளர்க்கிறாள்.
கறை தேநீர் நிறத்துக்கு வந்து நின்றுகொண்டது.
அதன்மேல் யாரும் கருத்துச் சொல்லவில்லை.

ஹாலினா ஊசியைப் பஞ்சுத் தக்காளியில் குத்தி
முப்பத்திரண்டு என்றாள்.
கதவைத் திறந்தாள்.

லாரி ஏழு மணிக்கு வந்துபோனது.
எட்டு மணிக்கு ஸ்வெட்டரை மடிக்கிறேன்,
கைவிளிம்பில் ஏதோ மின்னுகிறது.
ஊசி.
ஒரு சாண் நீல நூலோடு. என் நூல்.

மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்திரண்டாவது இதுதான் என்றால்
குவெண்டாவைக் குத்தியது
யார் எண்ணாமல் விட்டது?
எந்தச் செவ்வாயில்?
இதுவரை நூற்று நாற்பத்தாறு அனுப்பியிருக்கிறோம்.

தொலைபேசி பக்கத்தில்தான் இருக்கிறது.
ஹாலினா இந்நேரம் எழுந்திருப்பாள்.