வால் நிறம்

வண்ணார்பேட்டை, செல்போன் கடைக்கு மேலே மாடி.
இங்கே ராத்திரி ஏழரை, அங்கே மதியம் மூன்று.
ஸ்காட்லாந்துத் தீவொன்றின் காற்றைத்
திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் வற்றினால்தான் அங்கே விமானம் இறங்கும்.
ஓடுதளம் வெறும் மணல்.
பத்தொன்பது இருக்கை, ரெண்டு விசிறி.
வாலில் பெரிய கம்பெனியின் நிறம்;
பைலட்டுக்குச் சம்பளம் சின்னக் கம்பெனி.
காற்று நாற்பதைத் தாண்டினால்
பெரியது சொல்லும்: வண்டி எங்களுது இல்லை.
சின்னது சொல்லும்: டிக்கெட்டில் பேர் அவர்களுது.

என் அடையாள அட்டையிலும் சென்னைப் பேர்தான்.
சம்பளம் போடுகிறவர் மேலப்பாளையம்,
அதுவும் பத்து தேதிக்கு மேல்.

மக்லியோட் அம்மா மூன்றாம் முறை கேட்கிறாள்,
ஆட்டு மருந்துப் பெட்டி ஏறிவிட்டதா என்று.
காற்று தணியட்டும் அம்மா, என்று தட்டினேன்.
பணகுடிப் பக்கம் இந்த மாசத்துக் காற்றைக்
காத்தாடிக்காரன் குத்தகைக்கு எடுத்திருக்கிறான்,
மாமா நிலத்தில் நாலு நிற்கிறது.
அதை அவளுக்கு எழுதவில்லை.

செவ்வாய் ராத்திரி ஒன்றரைக்குத் திரை வெளுத்தது.
சின்னக் கம்பெனி மூடியாச்சு.
பெரியதிடமிருந்து ஒரே ஒரு வரி:
வாலில் உள்ள எங்கள் நிறத்தை உடனே அழிக்கவும்.

எபனேசர் ஹெட்செட்டைக் கழற்றினான்.
"நாளைக்கு வரணுமான்னு யார்ட்டக்கா கேக்க?"

முதல் பஸ். முகப்பில் ஒரு முதலாளி பேர்,
பெர்மிட் வேறொருத்தர் பேரில் என்று ஊருக்கே தெரியும்.
"ஏறுதியளா, எப்படி?" என்றார் கண்டக்டர்.

ஏறினேன்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பெட்டி எண்,
வியர்வையில் ஏழு ஒன்றாகிக்கொண்டிருந்தது.