இமைக்கும் நேரம்

பென்சில்வேனியாவில்
கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் தொடங்கும் பருவத்தில்
சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டிச் சுட்டால்தான் மான்.
சட்டம் அப்படி.
அதைக் காக்கத்தான் எனக்குச் சம்பளம்.

காலை ஏழே கால். ஹெம்லாக் சரிவு.
ஆர்வில் கிராட்ஸரும் அவன் தங்கை ட்வைலாவும்.
"துப்பாக்கியைக் காட்டுங்கள்."

அவனுடையது அக்டோபர்த் துப்பாக்கி.
கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, முதுகில் தொலைநோக்கி,
மழைக்கு அஞ்சாத மூடிய வயிறு.
அளந்து கொட்ட வேண்டாத மருந்து வில்லைகள்
தலைவலி மாத்திரை போலச் சட்டைப்பையில்.
"இதையும் வாய் வழியாகத்தானே கெட்டிக்கிறேன்?"
வாய் ஒன்றுதான், ஆர்வில்.
பேச்சு வேறு.

அவளுடையது அவள் தோள் உயரம்.
மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண்,
கிண்ணி நனையாதிருக்க எண்ணெய் ஊறிய தோல்.
பரம்பரைச் சொத்தா என்றேன்.
"போன வருஷம் கடன் அட்டையில் வாங்கினது,
இன்னும் ஆறு தவணை பாக்கி."

அபராதச் சீட்டில் நான் அவன் பெயரை
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது
நாற்பது கஜத்தில் வந்து நின்றது
ஒரு பெண் மான்.

மூவரும் மூச்சை நிறுத்தினோம்.
சட்டம் எங்களில் ஒருத்தியை மட்டும் அனுமதித்தது.
அவள் தோலை அவிழ்த்தாள். சேவலை இழுத்தாள்.

முதலில் கல் இரும்பில் விழுந்த சத்தம்.
பிறகு கிண்ணியில் வெளிச்சம்,
கன்னத்துக்கு ஒரு சாண் பக்கத்தில்.
ட்வைலா இமைத்தாள்.
மான் இமைக்கவில்லை.
அதற்குப் பிறகுதான் வெடி.

புகை கலையக் காத்திருந்தோம்,
கல்யாணப் படத்துக்கு நிற்பவர்களைப் போல.
கலைந்தபோது பனி மட்டும்.
"என்னுடையதாக இருந்தால்
வலி தெரியாமல் விழுந்திருக்கும்" என்றான் ஆர்வில்.
பொய்யில்லை. அதனால்தான்
என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
காயத்தோடு ஓடியிருந்தால்
இரவெல்லாம் அது சாகும். சட்டத்தில்
அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தேடினோம். உண்மையில் தேடியது அவன்தான்,
மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி,
ஒவ்வொரு குளம்படியாக, சிவப்பு இருக்கிறதா என்று.
ஓடைக்கு இந்தப்பக்கம் ஒரு பீச் மரம்.
அடிமரத்தில் ஈயக்குண்டு.
கத்தியால் நெம்பி என் உள்ளங்கையில் வைத்தான்.
அதில் ஒட்டியிருந்தது
வயிற்றுப்பக்கத்து வெள்ளை மயிர்,
ஒன்றே ஒன்று.

துள்ளிய மானுக்கும் தரைக்கும் நடுவே
போயிருக்கிறது குண்டு.

அபராதத்தில் ஒரு டாலரும் குறையவில்லை.
அவனும் கேட்கவில்லை.
"மறுபடி கெட்டிக்கலாமா?" என்றாள் ட்வைலா.
சாயங்காலம் வரை உனக்கு உரிமை உண்டு என்றேன்.
மருந்து, துணி, குண்டு.
விரல் மரத்து இரண்டு தரம் துணி நழுவியது.

ஆர்வில் கெட்டிக்கோலை எடுத்து நீட்டினான்.
பனி பெய்யத் தொடங்கியிருந்தது.
கிண்ணிக்கு மேல் தன் தொப்பியைப் பிடித்தபடி
வெறுந்தலையோடு நின்றான்.